கனடாவில் சுயதொழில்: கார்டில் மாதாமாதம் போகும் சாஃப்ட்வேர் சந்தாவை வரியில் காட்டுவது எப்படி

கனடா வந்து இறங்கியதும் நிரந்தர வேலை தேடிக்கொண்டே, பக்கத்தில் வெப்சைட் செய்து கொடுப்பது, கடைகளுக்குக் கணக்கெழுதுவது, கல்யாண வீடியோ எடிட் செய்வது என்று தொடங்குகிறவர்கள் நிறையப் பேர். கம்பெனி பதிவு செய்யாவிட்டாலும் அந்தப் பணம் வியாபார வருமானம்தான். உங்கள் வழக்கமான வரித் தாக்கலோடு டி2125 என்ற படிவத்தில் வரவையும் செலவையும் காட்ட வேண்டும். (விசா நிபந்தனை சுயதொழிலுக்கு இடம் தருகிறதா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.)

அடோபி, கேன்வா, ஜூம், குவிக்புக்ஸ், கிளவுட் ஸ்டோரேஜ் என்று சந்தா கட்டும் எதையும், வருமானம் ஈட்டத்தான் அது பயன்படுகிறது என்றால் செலவாகக் காட்டலாம். படிவத்தில் சிலர் அலுவலகச் செலவு என்ற 8810-இல் போடுவார்கள், சிலர் மற்ற செலவுகள் என்ற 9270-இல். எதில் போட்டாலும் வருடத்துக்கு வருடம் மாற்றாதீர்கள். சம்பள வேலையில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு விதிகள் வேறு, இறுக்கமும் அதிகம்.

‘டாக்ஸில் போட்டால் காசு திரும்ப வந்துவிடும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வருடம் 600 டாலர் சந்தா கட்டுகிறீர்கள், ஒன்டாரியோவில் வருமான வரியின் கீழ்த்தட்டில் இருக்கிறீர்கள் என்றால் குறையும் வரி ஏறக்குறைய 115 டாலர். சிபிபி என்ற அரசு ஓய்வூதியத் திட்டத்துக்கு முதலாளி பங்கு, தொழிலாளி பங்கு இரண்டையும் சுயதொழில்காரர் தானே கட்டுவதால் அதிலும் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மிச்சம் உங்கள் கைக்காசு. பயன்படாத சந்தாவுக்கு ஆகச் சிறந்த வரிச் சலுகை, அதை ரத்து செய்வது.

வீட்டுக்கும் தொழிலுக்கும் சேர்த்துப் பயன்படுவதில் தொழில் பங்கு மட்டும்தான் கணக்கு. மைக்ரோசாஃப்ட் 365-க்கு 120 டாலர் கட்டி, பாதி நேரம் பிள்ளைகளின் ஹோம்வொர்க்குக்குப் போகிறது என்றால் 60 டாலரைக் காட்டுங்கள். எப்படிப் பிரித்தீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். முழுவதையும் போடுவதைவிட அது நிம்மதி.

வருடச் சந்தாவில் ஒரு சிக்கல் உண்டு. அக்டோபர் 1 அன்று 12 மாதத்துக்கு 240 டாலர் கட்டினால், இந்த வருடக் கணக்கில் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கான 60 டாலர்தான் வரும். மீதி 180 அடுத்த வருடத்துக்கு. ஒரே தடவை காசு கொடுத்துச் சொந்தமாக வாங்கும் மென்பொருள் வேறு கதை. அது தேய்மானக் கணக்கில், பெரும்பாலும் வகுப்பு 12-இல் போகும்.

அப்புறம் எச்எஸ்டி, அதாவது விற்பனை வரி (சில மாகாணங்களில் ஜிஎஸ்டி). நான்கு தொடர்ச்சியான காலாண்டுகளில் உங்கள் வரவு 30,000 டாலரைத் தாண்டாதவரை பொதுவாகப் பதிவு செய்யக் கட்டாயமில்லை. பதிவு செய்யாதவர் பில்லில் உள்ள வரியையும் சேர்த்தே செலவாகக் காட்டலாம். பதிவு செய்தவர் அந்த வரியைத் தனியாகத் திரும்பக் கோருவார், செலவில் வரி நீங்கலான தொகையைத்தான் போடுவார். இரண்டு பக்கமும் போடக்கூடாது. 2021 ஜூலை 1 முதல் வெளிநாட்டு டிஜிட்டல் நிறுவனங்களும் இங்குள்ள வாடிக்கையாளர்களிடம் இந்த வரியை வசூலிக்கின்றன. எளிமைப்படுத்தப்பட்ட முறையில் பதிவான நிறுவனம் வசூலித்த வரியை உங்களால் திரும்பக் கோர முடியாது. ஆகவே பதிவு எண் கிடைத்த அன்றே அதைச் சந்தாக் கணக்கின் பில்லிங் பக்கத்தில் ஏற்றிவிடுங்கள். அவர்கள் வரி போடுவதை நிறுத்திவிடுவார்கள்.

ஊரில் இருந்தபோது எடுத்த சந்தா இன்னும் ரூபாயில், பழைய கார்டில், பழைய முகவரியில் ஓடிக்கொண்டிருக்கும். முகவரியை மாற்றுங்கள். மாற்றும்வரை வரும் பில்களை, பணம் போன நாளின் கனடா மத்திய வங்கி மாற்று விகிதத்தில் கனடா டாலராக்கி எழுதுங்கள். அதிலுள்ள இந்திய ஜிஎஸ்டியை இங்கே யாரும் திருப்பித் தரமாட்டார்கள். அதுவும் செலவின் ஒரு பகுதிதான்.

எல்லாவற்றையும்விட முக்கியம் இன்வாய்ஸ். கனடா வரித்துறையான சிஆர்ஏ கேட்டால் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் மட்டும் போதாது. விற்றவர் பெயர், தேதி, தொகை, எதற்கான பணம் என்று தெரிகிற பில் வேண்டும். எச்எஸ்டியைத் திரும்பக் கோருகிறவர்களுக்கு, 100 டாலரும் அதற்கு மேலும் உள்ள பில்லில் விற்றவரின் கனடா ஜிஎஸ்டி/எச்எஸ்டி பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பல நிறுவனங்கள் பில்லை இமெயிலில் அனுப்பாது, கணக்குக்குள் போய்த்தான் இறக்க வேண்டும். சந்தாவை ரத்து செய்வதற்கு முன்னால் எல்லா பிடிஎஃப்பையும் இறக்கி வைத்துவிடுங்கள். கணக்கு மூடியபின் உள்ளே போக முடியாமல் திண்டாட வேண்டிவரும். பில்களை அந்த வரி வருடம் முடிந்து 6 வருடம் வரை வைத்திருக்க வேண்டும்.

சுயதொழில்காரருக்குத் தாக்கல் செய்ய ஜூன் 15 வரை நேரம் உண்டு. அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள்: கட்ட வேண்டிய வரிக்குக் கெடு ஏப்ரல் 30. மே 1 முதல் வட்டி ஓடும்.