பாடசாலை கீழ்ப்படிய வைப்பதற்காகவே உருவானதா? மலையகத்தில் இருந்துகொண்டு ஆராய்வதற்கு ஒரு வழிகாட்டி

கேள்வி கேட்காமல் சொன்னதைச் செய்யும் குடிமக்களை உருவாக்கவே பொதுக் கல்வி வகுக்கப்பட்டது என்ற கருத்து ஆசிரியர்களிடையேயும் உயர்தர மாணவர்களிடையேயும் அடிக்கடி பேசப்படுகிறது. அதை ஏற்பதற்கோ மறுப்பதற்கோ முன்னர், இலங்கையின் மலையகத்தில், ஹட்டனிலோ பதுளையிலோ உள்ள ஒரு வாசகர் வட்டம் தானே அதை ஆராய்ந்து பார்க்கலாம். முதலில் கேள்வியை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பாடசாலையை ஏற்படுத்தியவர்கள் எதை விரும்பினார்கள், வகுப்பறையில் நாளாந்தம் என்ன நடந்தது, படித்து வெளியேறியவர்கள் என்ன செய்தார்கள். ஒன்றுக்குக் கிடைத்த விடையை மற்ற இரண்டுக்கும் பொருத்திவிடுவதால்தான் இந்த விவாதம் பெரும்பாலும் கெட்டுப்போகிறது.

இக்கருத்தை முன்வைப்போர் வழக்கமாகப் பிரஷ்யாவை, பிற்காலத்தில் ஜெர்மனியின் பகுதியான அரசை, சான்று காட்டுவார்கள். அந்தச் சான்றை முழுமையாகப் படியுங்கள். அங்கு 1763இல் இரண்டாம் பிரெடெரிக் அரசர் கிராமப் பாடசாலைகளுக்கான ஒழுங்குவிதியைப் பிறப்பித்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்கினார். நல்ல குடிகளை வளர்ப்பது அதன் வெளிப்படையான நோக்கங்களில் ஒன்று. ஆனால் 1809இல் அதே நாட்டின் கல்விப் பொறுப்பை ஏற்ற அறிஞர் வில்ஹெல்ம் ஹும்போல்ட், தொழிலுக்குப் பழக்குவதற்கு முன் மனிதரை முழுமையாக வளர்ப்பதே கல்வி என்று வாதிட்டார். 1848 புரட்சிக்குப் பின்னர் நான்காம் பிரெடெரிக் வில்லியம் அரசர் ஆசிரியர்கள் மீதே பழியைச் சுமத்தினார்; 1854இல் வந்த விதிகள் ஆசிரியர் பயிற்சியைச் சமயத்துக்கும் அடிப்படைப் பாடங்களுக்கும் உள்ளாகச் சுருக்கின. கீழ்ப்படிதலை விரும்பிய அரசு இருந்தது என்பதற்கும், பாடசாலை எல்லா வேளையிலும் அந்த விருப்பத்துக்கு அடங்கிவிடவில்லை என்பதற்கும் இந்த ஒரே வரலாறு சான்றாகிறது.

அடுத்து, அந்த வரலாற்றை மலையகத்துக்கு அப்படியே பொருத்தலாமா என்று பாருங்கள். அதிக நேரம் செலவிடவேண்டிய இடம் இதுவே. கோப்பித் தோட்டங்களின் காலத்திலும் தேயிலை வந்த பின்னரும், தொழிலாளரைக் கட்டிவைப்பதற்குத் தோட்டத்திடம் வேறு கருவிகள் இருந்தன: ஆள் திரட்டி மேற்பார்த்த கங்காணியிடம் பட்ட கடன், தோட்டம் விட்டுத் தோட்டம் மாறுவதற்கு வேண்டிய துண்டு என்ற சீட்டு, தொழிலாளரை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்த விடிகாலைப் பெரட்டு, வரிசை அறைகளான லயத்தில் வாழ்க்கை. பணிவை உண்டாக்கப் பாடசாலை தேவைப்படவில்லை. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மீது சுமத்திய பின்னரும், பல தோட்டங்களில் ஒரே அறையும் ஒரே ஆசிரியருமே இருந்தனர். 1945இல் நாட்டில் இலவசக் கல்வி தொடங்கியபோதும் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. 1970களின் பிற்பகுதியிலிருந்துதான் அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. எங்கள் மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி, பாடசாலை அவர்களை அடக்கியது என்பதைவிட, பாடசாலையே அவர்களுக்குத் தாமதமாகவும் அரைகுறையாகவும் கிடைத்தது என்பதுதான். இதை மறைத்துவிட்டுப் பிரஷ்யாவைப் பற்றி மட்டும் பேசுவது இங்குள்ள முதியவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு என்றே நான் கருதுகிறேன்.

படிக்காதவர் அடங்கியே இருப்பார் என்ற எதிர்முடிவுக்கும் தாவிவிடாதீர்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். அக்காலத்துத் தொழிலாளரில் பெரும்பாலோர் பாடசாலையை அதிகம் கண்டவர்கள் அல்லர். மறுபக்கத்தில், தோட்டத்தில் பிறந்து கல்வி பெற்று ஆசிரியராகப் பணியாற்றிய சி.வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். தொழிற்சங்கவாதியாகவும் எழுத்தாளராகவும் தம் மக்களின் வாழ்வைப் பதிவுசெய்தார்.

உங்கள் தோட்டத்தின் கதையை முதியவர்களிடம் கேளுங்கள். "பள்ளிக்கூடம் நல்லதா, கெட்டதா?" என்று கேட்டால் மரியாதைக்காக நல்லது என்றே சொல்லுவார்கள். எத்தனையாம் வகுப்போடு நின்றீர்கள், ஏன் நின்றீர்கள், வாத்தியாரிடம் எதற்காக அடி வாங்கினீர்கள், வீட்டில் யார் கடிதம் வாசித்தார்கள் என்று கேளுங்கள். பெண்களிடம் தனியாகக் கேட்பது அவசியம். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதற்காக நிறுத்தப்பட்டவர்கள் அவர்களிடையே அதிகம். அதிபரின் அனுமதி கிடைத்தால் பழைய சேர்வு இடாப்பையும், பாடசாலையில் நடந்தவற்றைப் பதியும் சம்பவத் திரட்டுப் புத்தகத்தையும் பாருங்கள். பிள்ளைகளின் பெயரையும் குடும்ப விவரங்களையும் வெளியே கொண்டுவரக் கூடாது.

கடைசியாக இன்றைய வகுப்பறைக்கு வாருங்கள். நோக்கம் எதுவாக இருந்தாலும் பழக்கம் தன் வேலையைச் செய்கிறது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது பிள்ளை எத்தனை மணி நேரம் கடந்தகால வினாத்தாள்களோடு இருக்கிறது என்பதை எழுதிவையுங்கள். குடியியல் கல்விப் பாடத்தின் தவணைப் பரீட்சைத் தாள் ஒன்றை எடுத்து, மனனம் செய்த விடையைக் கேட்கும் வினாக்களையும், காரணம் காட்டி வாதிடச் சொல்லும் வினாக்களையும் தனித்தனியே எண்ணுங்கள். ஆசிரியரின் சம்மதத்தோடு ஒரு பாடவேளை பின்வரிசையில் அமர்ந்து, பிள்ளைகள் தாமாகக் கேட்ட கேள்விகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். "வெளியே போகலாமா, சேர்?" என்பது போன்றவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தால் உடனே ஆசிரியரைக் குற்றம் சொல்லாமல், வகுப்பில் எத்தனை பிள்ளைகள், முடிக்கவேண்டிய பாடத்திட்டம் எவ்வளவு, எத்தனை பாடங்களுக்கு ஆசிரியரே இல்லை என்பவற்றையும் அருகில் எழுதுங்கள். திட்டமிட்ட அடக்குமுறை போலத் தெரிவது பல இடங்களில் ஆளணிப் பற்றாக்குறையாக இருக்கக்கூடும். ஆனால் பிள்ளை பெறும் பழக்கம் இரண்டிலும் ஒன்றே.

சேர்த்தவற்றை எழுதும்போது மூன்று கேள்விகளுக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்குங்கள். முதற்பக்கத்தில் ஆவணமும் ஆண்டும், இரண்டாவதில் நீங்கள் நேரில் கண்டது, மூன்றாவதில் முதியவர்களும் பழைய மாணவர்களும் சொன்னது. பின்னர் அதைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், பெற்றோர் முன்னிலையில் உரக்க வாசியுங்கள். இரண்டாவது பக்கத்துக்கு மறுமொழி சொல்ல, அந்த வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளைக்கும் நேரம் கொடுங்கள்.