மோட்டர் நிண்ட பிறகும் காத்து சீறினால்

கொக்குவிலில் எங்கட ரயர் கடைக் கொம்பிரசர், மோட்டர் நிண்ட பிறகும் பிரஷர் சுவிச்சுக்கு (காத்து நிரம்பினதும் மோட்டரை நிப்பாட்டும் சுவிச்சு) கீழே 'ஸ்ஸ்' எண்டு காத்தை விட்டுக்கொண்டே இருந்தது. சுவிச்சை மாத்தச் சொன்னார்கள். அவசரப்படாதேங்கோ. நிண்டவுடன் சில செக்கன் சீறுவது சரி. ஹெட்டில், அதாவது காத்தை அமுக்கும் பகுதியில், உள்ள காத்து வெளியேறினால்தான் மோட்டர் அடுத்தமுறை சுகமாக எழும்பும். ஓயாமல் சீறினால் பெரும்பாலும் டாங்கி வாயிலுள்ள செக் வால்வுதான் (காத்தை உள்ளே மட்டும் விட்டு, திரும்ப விடாத வால்வு) பிழை. டாங்கிக் காத்து திரும்பி வருகுது.

பிளக்கைக் கழற்றி, காத்தை முழுக்க இறக்கி, வால்வைத் திறந்தேன். ரப்பர் வட்டின் ஓரத்தில் கருகிய எண்ணெய், நகத்தால் சுரண்டும் அளவுக்குத் தடித்திருந்தது. துடைத்துப் போட்டும் மெல்லக் கசிந்தது; புது வால்வு போட்டபின்தான் நிண்டது.

டாங்கியின் அடி வடிகாலைத் தினமும் திறந்து தண்ணியை விடுங்கோ. உள்ளே துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் ஒட்டுப்போட்டு ஓட்டவே கூடாது, வெடிக்கக்கூடும்.