தரம் 1: திருகோணமலையில் பாடசாலைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறு வந்ததும் பாடசாலை வாசலில் பிள்ளைகளின் படத்தோடு பதாகை ஏறிவிடும். அதைப் பார்த்தே பாடசாலையை முடிவு செய்யும் பெற்றோர் பலர். அந்தப் பதாகையில் இல்லாத பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று விசாரிப்பதுதான் சரியான ஒப்பீடு.

படி 1: பட்டியல் போடுங்கள்

உவர்மலையோ பாலையூற்றோ உப்புவெளியோ, வீட்டிலிருந்து தொடங்கி ஆரம்பப் பிரிவு உள்ள அரச பாடசாலைகளைத் தூர வரிசையில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் வகையையும் பக்கத்தில் குறியுங்கள். 1ஏபி, 1சி பாடசாலைகளில் உயர்தரம் வரை வகுப்புகள் உண்டு. வகை 2 தரம் 11 வரை. வகை 3 சிறிய பாடசாலை, பெரும்பாலும் தரம் 5 வரைதான். சிறியது என்பதற்காகப் பட்டியலிலிருந்து வெட்டிவிடாதீர்கள்.

படி 2: இடம் கிடைக்குமா?

ஜனவரி 31 அன்று பிள்ளைக்கு 5 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். அனுமதிச் சுற்றறிக்கையின்படி பாதி இடங்கள் அருகில் வசிப்போருக்கு. பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25 வீதம், சகோதரர் படித்தால் 15 வீதம். வசிப்பிடப் பிரிவில் வாக்காளர் இடாப்புப் பதிவுக்குப் புள்ளி உண்டு. உங்கள் வீட்டுக்கும் நீங்கள் கேட்கும் பாடசாலைக்கும் நடுவே வேறு அரச பாடசாலைகள் இருந்தால் புள்ளி குறையும். அதனால்தான் நிலாவெளியிலிருந்து நகரப் பாடசாலையைக் கேட்பது கடினம்.

படி 3: புள்ளிகளைச் சரியாக வாசியுங்கள்

இந்த இடத்தில் அவசரம் வேண்டாம். புலமைப்பரிசில் பரீட்சைக்கு மொத்தம் 200 புள்ளிகள். வெட்டுப்புள்ளியைத் தாண்டியோர் எத்தனை பேர் என்று மட்டும் கேட்காமல், எத்தனை பேர் தோற்றினர், அவர்களில் 70 புள்ளிக்கு மேல் எடுத்தோர் எத்தனை பேர் என்றும் கேளுங்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு: பெரிய பாடசாலையில் 80 பேர் எழுதி 16 பேர் வெட்டுப்புள்ளியைத் தாண்டினர், 70க்கு மேல் எடுத்தோர் 50 பேர். சிறியதில் 12 பேர் எழுதி இருவர் தாண்டினர். 70க்கு மேல் 11 பேர். பதாகையில் 16 பெரிதாகத் தெரியும். ஆனால் முதலாவதில் 30 பிள்ளைகள் அடிப்படை மட்டத்தையே தொடவில்லை, இரண்டாவதில் ஒரே ஒரு பிள்ளைதான். சிறிய பாடசாலையில் ஒரு வருடக் கணக்கு தற்செயலாகவும் இருக்கலாம், ஆகவே மூன்று நான்கு வருடங்களைச் சேர்த்துப் பாருங்கள். வெற்றி பெற்ற பிள்ளைகள் வெளியே டியூசனுக்கும் போயிருப்பார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

படி 4: நேரில் போங்கள்

அதிபரிடம் அனுமதி பெற்றுக் காலையில் போங்கள். தரம் 1, 2 வகுப்புகளில் விளையாட்டும் செயற்பாடும் நடக்கிறதா, இல்லை கரும்பலகையைப் பார்த்து எழுதுவது மட்டும்தானா? ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? தரம் 1 ஆசிரியர் ஆரம்பக் கல்வியில் பயிற்சி பெற்றவரா? வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு என்ன செய்கிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். அதற்கு உடனே, விளக்கமாகப் பதில் சொல்லும் ஆசிரியரை நான் எந்தப் பதாகையைவிடவும் நம்புவேன். கழிப்பறை, குடிநீர், மாரியில் வாசலில் வெள்ளம் நிற்கிறதா என்பவற்றையும் பாருங்கள்.

படி 5: விருப்ப வரிசை

வான் செலவையும் பயண நேரத்தையும் சேர்த்து வரிசைப்படுத்துங்கள். ஒரே பாடசாலையை நம்பியிருக்காமல் பலவற்றுக்கு விண்ணப்பியுங்கள். சுற்றறிக்கை வருடாவருடம் மாறலாம். விண்ணப்பிக்கும் வருடத்துக்குரியதை வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். தரம் 6க்கு வேறு பாடசாலை மாற வழி உண்டு என்பதால், இப்போது முதல் ஐந்து வருடங்களை மட்டும் யோசித்தால் போதும்.