அறுவை சிகிச்சைக்குப் பின்: மார்பகப் புற்றுநோய் அறிக்கையைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை முடிந்து சில நாள்களிலோ ஓரிரு வாரங்களிலோ நோயியல் அறிக்கை கைக்கு வரும். குடும்பத்தார் அதில் முதலில் தேடுவது எத்தனையாவது ஸ்டேஜ் (நிலை) என்பதைத்தான். நோய் திரும்புமா, திரும்பாதா என்ற கேள்விக்கான விடையும் அந்த ஒரே எண்ணில் இருப்பதாக நினைத்துவிடுவதிலிருந்துதான் மற்ற குழப்பங்கள் பலவும் பிறக்கின்றன. கண்டறியப்பட்ட காலத்தில் நோய் எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதன் பதிவே ஸ்டேஜ். நோய் திரும்புவது அதற்குப் பின்னால் நடக்கக்கூடிய வேறு நிகழ்வு.

"ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு என்றார்கள், இப்போது மூன்று என்கிறார்கள், கத்தி பட்டதால்தான் பரவிவிட்டது" என்ற பேச்சைப் புற்றுநோய் மருத்துவமனைகளில் அடிக்கடி கேட்கலாம். இது தவறான முடிவு. முதலில் சொல்லப்படுவது கையால் தொட்டும் ஸ்கேன் எடுத்தும் கணித்த நிலை. பிறகு வருவது அகற்றிய கட்டியையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் நுண்ணோக்கியில் பார்த்து உறுதிசெய்த நிலை. அறிக்கையில் கட்டியைக் குறிக்கும் 'டி', கணுக்களைக் குறிக்கும் 'என்' ஆகிய எழுத்துகளுக்கு முன் 'பி' என்ற சிற்றெழுத்து இருந்தால் அது இந்த இரண்டாவது வகையைக் குறிக்கும். கட்டி 2 செ.மீ. வரை இருந்தால் டி1, அதற்கு மேல் 5 செ.மீ. வரை டி2, அதையும் தாண்டினால் டி3. அக்குளில் 1 முதல் 3 கணுக்களில் நோய் இருந்தால் பொதுவாக என்1, 4 முதல் 9 வரை என்2, 10 அல்லது அதற்கு மேல் என்3. ஸ்கேனில் தெரியாத அளவுக்குச் சிறிய படிவு ஒரு கணுவில் இருந்திருந்தால் அது அறுவைக்குப் பின்தான் வெளிப்படும். எண் கூடியதற்குக் காரணம் அதுவே. கணு முடிவைப் படிக்கும்போது, எத்தனை கணுக்கள் எடுக்கப்பட்டன, அவற்றில் எத்தனையில் நோய் இருந்தது என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அறுவைக்கு முன்பே கீமோதெரபி கொடுக்கப்பட்டவர்களின் அறிக்கையில் 'ஒய்பி' என்ற முன்னொட்டு இருக்கும். மருந்தில் சுருங்கியது போக மிஞ்சிய நோயை மட்டுமே அது அளக்கிறது. ஆகவே 'ஒய்பி டி1' என்று வந்தவர், கீமோ இல்லாமல் நேரே அறுவைக்குப் போய் டி1 பெற்றவரோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்வது பொருந்தாது. கட்டியும் கணுக்களும் முற்றிலும் நோயற்றுப் போயிருந்தால் அது நல்ல அறிகுறிதான். ஆனாலும் முதலில் இருந்த நிலையைக் கணக்கில் கொண்டே கதிர்வீச்சு உள்ளிட்ட அடுத்த சிகிச்சைகள் முடிவாகும். 'ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டதே, கரண்ட் வைப்பது எதற்கு' என்று பாதியில் நிறுத்திவிடக் கூடாது.

கிரேடையும் ஸ்டேஜையும் ஒன்றாக எண்ணி, கிரேடு 3 என்பதைப் பார்த்துவிட்டு மூன்றாம் நிலை என்று அழுதவர்கள் உண்டு. செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியுள்ளன, எவ்வளவு விரைவாகப் பிரிகின்றன என்பதைக் குறிப்பது கிரேடு. ஒரு செ.மீ. கட்டியும் கிரேடு 3 ஆக இருக்கலாம். நிலை ஒன்றாகவே இருக்கலாம்.

ஆனால் இவ்விரண்டும் தொடர்பே இல்லாதவை என்று நினைப்பதும் இன்று சரியில்லை. அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக்குழுவின் எட்டாம் பதிப்பு விதிகள் 2018 முதல் நடைமுறைக்கு வந்தன. கட்டியின் அளவு, கணுக்கள், தொலைப்பரவல் ஆகியவற்றோடு கிரேடு, ஈ.ஆர்., பி.ஆர். (செல்லில் ஹார்மோன் வந்து ஒட்டும் ஏற்பிகள்), ஹெர்-2 (செல் வளர்ச்சியைத் தூண்டும் ஒரு புரதம்) முடிவுகளையும் சேர்த்து நிலையைக் கணக்கிடும் முறையை அவை கொண்டுவந்தன. அதனால் ஒரே அளவுள்ள கட்டியும் ஒரே கணு எண்ணிக்கையும் கொண்ட இரு பெண்களுக்கு இரு வேறு நிலைகள் வரலாம். ஹார்மோன் ஏற்பிகள் உள்ளவருக்கு எண் இறங்கலாம். ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் எதிர்மறையாக இருப்பவருக்கு ஏறவும் கூடும். உரிய சிகிச்சை கொடுக்கப்படும் என்ற அனுமானத்தின் மேல்தான் இந்தக் கணக்கு நிற்கிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஹார்மோன் மாத்திரையை ஓராண்டில் விட்டுவிட்டவருக்கு அந்தச் சாதகமான எண் பொருந்தாது. ஹெர்-2 முடிவு 2+ என்று மட்டும் இருந்தால் அது உறுதியான முடிவல்ல. ஹெர்-2 மரபணுவை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் போன்ற அடுத்த பரிசோதனை தேவை.

மார்பகம் முழுவதையும் எடுத்துவிட்டால் நோய் திரும்ப இடமே இருக்காது என்பது மிக ஆழமாக வேரூன்றிய தவறான நம்பிக்கை. அமெரிக்க அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் நடந்த பி-06 என்ற ஆய்வின் 20 ஆண்டு முடிவுகள் 2002-இல் வெளியாயின. மார்பகத்தை முழுவதும் அகற்றியவர்களுக்கும் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் உயிர்வாழ்வில் வேறுபாடு காணப்படவில்லை. கட்டியை மட்டும் எடுத்தவர்களில் கதிர்வீச்சு பெற்றோருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது 14.3 விழுக்காடு, பெறாதோருக்கு 39.2 விழுக்காடு. முழு மார்பகத்தை எடுத்த பின்னும் தழும்பிலும் மார்புச் சுவரின் தோலிலும் நோய் வரலாம். அங்கே தோன்றும் வலியில்லாத சிறு முடிச்சைக் கொப்புளம் என்று களிம்பு தடவிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பது நேரத்தை வீணாக்கும்.

நோய் திரும்பினால் முதலில் குறித்த ஸ்டேஜ் மாறிவிடுவதில்லை. இரண்டாம் நிலையில் கண்டறியப்பட்டவருக்குப் பின்னாளில் எலும்பில் நோய் வந்தால், இரண்டாம் நிலையில் தொடங்கித் தொலைவில் பரவித் திரும்பிய நோய் என்பதே சரியான விவரிப்பு. அதை எலும்புப் புற்றுநோய் என்று சொல்வதும் தவறு. அங்கே இருப்பவை மார்பகப் புற்றுச் செல்களே, சிகிச்சையும் அதற்கேற்பவே அமையும். அதே பக்க மார்பகத்திலோ மார்புச் சுவரிலோ வருவது, அக்குள் அல்லது காறை எலும்புக்கு மேலுள்ள கணுக்களில் வருவது, தொலை உறுப்புகளில் வருவது ஆகிய மூன்றும் ஒன்றல்ல. முதல் இரண்டிலும் முழுமையாகக் குணப்படுத்தும் நோக்கோடு சிகிச்சை கொடுக்கப் பெரும்பாலும் வாய்ப்பு உண்டு. மறுபக்க மார்பகத்தில் தோன்றுவதோ பெரும்பாலும் புதிய புற்றுநோய்.

'ஐந்து வருடம் தாண்டிவிட்டால் பயமில்லை' என்ற கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. மூன்றும் எதிர்மறையான வகை திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளுக்குள் திரும்பும், ஈ.ஆர். நேர்மறை வகை நெடுங்காலம் கழித்தும் திரும்பக்கூடியது. 5 ஆண்டுகள் ஹார்மோன் சிகிச்சை முடித்து நோயின்றி இருந்த 62,923 பெண்களைப் பற்றிய தொகுப்பாய்வு 2017-இல் வெளியானது. அடுத்த 15 ஆண்டுகளில் தொலை உறுப்பில் நோய் திரும்பும் வாய்ப்பு, கணுக்களில் நோயில்லாத டி1 பெண்களுக்கு 13 விழுக்காடாகவும், 4 முதல் 9 கணுக்களில் நோயிருந்த டி2 பெண்களுக்கு 41 விழுக்காடாகவும் இருந்தது. இவர்கள் பழைய காலச் சிகிச்சை பெற்றவர்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆனால் மாத்திரையைப் பத்தாண்டு வரை நீட்டலாமா என்று மருத்துவரிடம் கேட்பதற்கு இந்த எண்கள் போதிய காரணம்.

இந்த அச்சத்தாலேயே ஆறு மாதத்திற்கு ஒருமுறை உடல் முழுவதையும் பார்க்கும் பெட் ஸ்கேனும், சி.ஏ. 15-3 என்ற புற்றுநோய்க் குறியீட்டுக்கான இரத்தப் பரிசோதனையும் தாமாகவே எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அறிகுறி இல்லாதவர்களுக்கு எலும்பு ஸ்கேன் முதலிய பரிசோதனைகளை அடிக்கடி செய்ததால் ஆயுள் கூடவில்லை என்று 1994-இல் வெளியான இரண்டு இத்தாலிய ஆய்வுகள் காட்டின. ஆண்டுக்கு ஒரு மேமோகிராம், குறித்த இடைவெளியில் மருத்துவரின் நேரடிப் பரிசோதனை ஆகியவையே வழக்கமான கண்காணிப்பு. வாரக்கணக்கில் ஓயாத முதுகுவலி, விளங்காத மூச்சுத்திணறல், தொடர் தலைவலி, அறுவை நடந்த பக்கக் கையில் புதிதாக வரும் வீக்கம் ஆகியவற்றோடு போகும்போதுதான் ஸ்கேனுக்கு உண்மையான வேலை.

ஸ்கேனில் ஏதேனும் தெரிந்தாலும், முடிந்தவரை அவ்விடத்தில் பயாப்ஸி செய்யாமல் சிகிச்சையைத் தொடங்கக் கூடாது. தெரிவது வேறு நோயாக இருக்கலாம். மார்பகப் புற்றுநோயாகவே இருந்தாலும் ஏற்பிகளின் நிலை முதலில் இருந்ததிலிருந்து மாறியிருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய அறிக்கையும் மெழுகில் பதித்த திசுக் கட்டையும் தேவைப்படும் என்பதால், ஊரோ மருத்துவமனையோ மாறும்போது அவற்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.