பழைய சிடிகளை நகலெடுக்கும்போது டிரைவின் வேகத்தை எங்கே நிறுத்துவது?

டிரைவின் முகப்பில் 52எக்ஸ் (அடிப்படை வேகமான 1எக்ஸைப் போல 52 மடங்கு) என்று அச்சிட்டிருப்பது தரவு வரும் வேகம். அதுவும் தட்டின் வெளி விளிம்பை எட்டும்போது மட்டும் கிடைக்கிற உச்ச அளவு. தட்டு உடைவதும் லென்ஸ் தடுமாறுவதும் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதைப் பொறுத்தவை. ஆகவே வேலையைத் தொடங்குமுன் சுற்றுக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

1எக்ஸ் வேகத்தில் வெளி விளிம்பைப் படிக்கும்போது சிடி நிமிடத்துக்குச் சுமார் 214 சுற்று சுழலும். டிவிடிக்கு 575, ப்ளூரேக்கு 810. இந்த எண்ணை டிரைவின் எக்ஸால் பெருக்குங்கள். 52எக்ஸ் சிடிக்கு 11,100 வரும். 16எக்ஸ் டிவிடிக்கு 9,200. 12எக்ஸ் ப்ளூரேக்கு 9,700. மூன்றும் பத்தாயிரத்தை ஒட்டியே நிற்கக் காரணம், மூன்றும் ஒரே 12 செ.மீ. பாலிகார்பனேட் தட்டுதான். லேப்டாப்பின் மெல்லிய டிரைவ்கள் 24எக்ஸ் சிடி, 8எக்ஸ் டிவிடி என்ற அளவில் நிற்பவை. அவற்றில் சுழற்சி ஐந்தாயிரம் சுற்றுப் பக்கம்தான். நலிந்த தட்டுகளுக்கு மேசைக் கணினியின் டிரைவை விட இது எவ்வளவோ நல்லது.

11,100 சுற்றில் சிடியின் விளிம்பு மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அப்போது தட்டுக்குள் எழும் இழுவிசை ஏறத்தாழ 5 மெகாபாஸ்கல். பாலிகார்பனேட் 60 மெகாபாஸ்கல் வரை தாங்கும். ஆக, நல்ல தட்டு இந்த வேகத்தில் உடையாது. உடைவது நடுத்துளையில் மயிரிழை விரிசல் இருக்கும் தட்டு. இழுவிசை உச்சத்தில் இருப்பது துளையின் ஓரத்தில்தான். விரிசலின் முனை அதைப் பல மடங்காகக் குவிக்கிறது. பெட்டியின் நடுக் குமிழை அழுத்தாமல், விளிம்பைப் பிடித்து வளைத்துத் தட்டை எடுக்கும் பழக்கமே பெரும்பாலும் இந்த விரிசலைத் தருகிறது.

எனவே முதல் வேலை, தட்டை விளக்குக்கு எதிரே பிடித்துத் துளையைச் சுற்றிப் பார்ப்பது. விரிசல் கண்ணாடி போன்ற நடுப்பகுதியோடு நின்றிருந்தால் மெல்லிய டிரைவில் 8எக்ஸுக்கு மேல் போகாமல் ஒரே முறை படித்து எடுத்துவிட்டு, தட்டை ஓய்வில் வையுங்கள். வெள்ளிப் பகுதிக்குள் நுழைந்துவிட்டால் சுழற்றவே வேண்டாம். பசை போட்டு ஒட்டுவது கேடு: உடனடிப் பசை பாலிகார்பனேட்டைத் தாக்கக்கூடும், கூடுதல் எடை தட்டின் சமநிலையையும் குலைக்கும்.

சமநிலை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. மையத்திலிருந்து 4 செ.மீ. தள்ளி 0.1 கிராம் எடையுள்ள ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், 52எக்ஸில் அது அரை கிலோ எடைக்குச் சமமான விசையோடு அச்சை இழுக்கும். ஒவ்வொரு நொடியும் 185 முறை திசை மாற்றி இழுக்கும். அதற்காக ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். சிடியின் பிரதிபலிப்புப் படலம் மேல் அரக்குக்கு அடியிலேயே இருக்கிறது, உரித்தால் அதுவும் கூடவே வந்துவிடும். வேகத்தைக் குறையுங்கள். விசை வேகத்தின் வர்க்கத்தில் மாறுவதால் 24எக்ஸில் அது ஐந்தில் ஒரு பங்காகிவிடும். (சில டிரைவ்களைக் குலுக்கினால் உள்ளே குண்டு உருளும் சத்தம் வரும். அது சமநிலைக்காக வைத்த எஃகுக் குண்டுகள். பழுதல்ல.)

வேகத்தைக் குறைத்தால் எவ்வளவு நேரம் போகும்? சிடியின் தடம் உள்ளிருந்து வெளியே ஏறத்தாழ 20,600 சுற்று. 52எக்ஸில் முழுத் தட்டையும் படிக்க இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, 24எக்ஸில் நான்கு, 8எக்ஸில் பன்னிரண்டு. நல்ல தட்டுக்கு 24எக்ஸ், சந்தேகமானதற்கு 8எக்ஸ் என்று வைத்துக்கொள்வதே சரி.

லினக்ஸில் 'ஈஜெக்ட்' கட்டளைக்குச் சின்ன எழுத்து 'எக்ஸ்' ஆப்ஷனும் 24 என்ற எண்ணும் கொடுத்தால் வேகம் அங்கே நிற்கும். பெரிய எழுத்து 'எக்ஸ்' கொடுத்தால் டிரைவ் ஏற்கும் வேகங்களின் பட்டியல் வரும். எண் 0 என்றால் மீண்டும் முழு வேகம். விண்டோஸில் நீரோ டிரைவ்ஸ்பீட் போன்ற தனி நிரல் தேவை. பல டிரைவ்கள் தட்டை மாற்றியதும் இந்த வரம்பை மறந்துவிடும், ஆகவே ஒவ்வொரு தட்டுக்கும் திரும்பக் கொடுங்கள். வரம்பு பிடித்ததா என்பதைத் தரவு வேகத்தில் பாருங்கள்: 24எக்ஸில் தொடக்கத்தில் நொடிக்கு 1.5 எம்பி, நிறைந்த தட்டின் கடைசியில் 3.6 எம்பி வர வேண்டும்.

தட்டில் எழுதும்போது ஒரு பொறி இருக்கிறது. 16எக்ஸ் மாறாத நேர்வேகத்தில் (லென்ஸுக்கு எதிரே தடம் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடும்படி) எழுதினால், உள்விளிம்பில் தொடங்கும்போதே சிடி எட்டாயிரம் சுற்றுக்குப் பக்கத்தில் சுழலும். பெயரில் பெரியதான 24எக்ஸ் படிப்பை விட இது அதிகம்.

படிக்கும்போது பிழை வந்தால் டிரைவ் வேகத்தைக் குறைத்து, மறுபடி ஏற்றி, மறுபடி குறைக்கும். நலிந்த தட்டுக்கு இந்த ஏற்ற இறக்கம் ஆகாது. சாதாரண நகலெடுப்பை நிறுத்திவிட்டு, பழுதான தட்டிலிருந்து தரவை மீட்கும் 'டிடிரெஸ்க்யூ' நிரலுக்கு மாறுங்கள். அதில் செக்டர் (ஒரே வீச்சில் படிக்கும் தரவுத் துண்டு) அளவை 2048 பைட் என்று கொடுங்கள். முதல் ஓட்டத்தில் மோசமான இடங்களை நோண்டாமல் நல்ல பகுதிகளை எடுத்து, எது கிடைத்தது, எது விட்டுப்போனது என்று குறித்துவைக்கும் மேப் கோப்பைச் சேமித்துக்கொள்ளுங்கள். விட்டுப்போனவற்றுக்கு மட்டும் இரண்டாம் ஓட்டத்தில் மூன்று முயற்சி போதும். அதே மேப் கோப்போடு வேறொரு டிரைவிலும் ஓட்டிப் பாருங்கள். ஒரு லென்ஸ் விட்டதை இன்னொன்று பிடிப்பதுண்டு.

உள்ளே படாரென்று சத்தம் கேட்டால் ஈஜெக்ட் பொத்தானைத் தொடாதீர்கள். மின்சாரத்தை நிறுத்தி, டிரைவைக் கழற்றி, தடித்த கையுறையோடு திறந்து துண்டுகளை எடுங்கள். முனைகள் கத்தி போல இருக்கும். அந்த டிரைவில் இன்னொரு தட்டைப் போட வேண்டாம். லென்ஸோ அச்சோ வளைந்திருக்க வாய்ப்பு அதிகம்.