தண்ணீர் ஆவியாக 100 டிகிரி தேவையில்லை

தரையில் சிந்திய தண்ணீர் கொஞ்ச நேரத்தில் தானாகக் காய்ந்துவிடுகிறது. அது 30 டிகிரியைக்கூடத் தொட்டிருக்காது. ஆனாலும் "100 டிகிரி செல்சியஸில்தான் தண்ணீர் ஆவியாகும்" என்று பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். முதலில் விட வேண்டிய தவறு இதுதான். மற்றவை பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவை.

100 டிகிரி என்பது கொதிநிலை, அதுவும் கடல்மட்டக் காற்றழுத்தத்தில். நீரின் ஆவியழுத்தம், அதாவது அதன் ஆவி வெளியே தள்ளும் அழுத்தம், வெளியே உள்ள காற்றழுத்தத்தை எட்டும்போது, நீருக்கு உள்ளேயே நீராவிக் குமிழிகள் உருவாகின்றன. அது கொதித்தல். ஆவியாதல் மேற்பரப்பில் மட்டும், எந்த வெப்பநிலையிலும் நடக்கும். வெப்பநிலை சொல்வது மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றலைத்தான். 25 டிகிரி நீரில் மூலக்கூறுகள் நொடிக்குச் சுமார் 600 மீட்டர் வேகத்தில் அலைகின்றன. சில மெதுவாக, சில அதைவிட மிக வேகமாக. மேற்பரப்பில் இருக்கும் ஒன்றுக்கு மோதல்களில் போதிய ஆற்றல் கிடைத்தால், பக்கத்து மூலக்கூறுகளின் ஈர்ப்பை மீறி வெளியே போய்விடும்.

சரி, அடுப்பு இல்லாமல் வெப்பம் எங்கிருந்து வருகிறது? பலர் இதை யோசிப்பதே இல்லை. நீரிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும்தான். ஆற்றல் மிகுந்தவை வெளியேறுவதால் மிஞ்சிய நீர் குளிர்கிறது. 25 டிகிரியில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,440 ஜூல் ஆற்றல் வேண்டும். அதே ஒரு கிராமை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிவரை சூடாக்க 420 ஜூல் போதும்! வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி விசிறிப் பாருங்கள். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஒழிய, அளவு இறங்குவது கண்ணெதிரே தெரியும்.

"காற்று பஞ்சுபோல நீரை உறிஞ்சுகிறது" என்பதும் தவறு. காற்றே இல்லாத வெற்றிடத்தில் நீர் இன்னும் வேகமாக ஆவியாகிறது. மின்விசிறி செய்வது, நீர்ப்பரப்பை ஒட்டித் தேங்கும் ஈரக்காற்றை அகற்றுவது. அதனால் நீருக்குத் திரும்பி விழும் மூலக்கூறுகள் குறைகின்றன. மூடிய பாட்டிலில் ஆவியாதல் நின்றுவிடுவதாக நினைப்பதும் சரியல்ல. போகிறவையும் திரும்புகிறவையும் சமமாகிவிடுவதால்தான் நீர்மட்டம் மாறுவதில்லை.

அப்புறம், கெட்டிலின் மூக்கிலிருந்து வரும் வெண்புகையை நீராவி என்கிறோம். உண்மையில் அவை குளிர்ந்து திரண்ட நுண்துளிகள். மூக்குக்கும் புகைக்கும் நடுவே வெறுமையாகத் தெரியும் சிறு இடைவெளி இருக்கிறதே, நீராவி அங்கேதான் இருக்கிறது.