மைக் இருந்தும் தோற்கும் அணிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்குவாட், ஹெல் லெட் லூஸ் மாதிரி ஆன்லைன் போர் விளையாட்டுகளில் ஒரு பக்கத்துக்கு 50 பேர். ஒன்றிரண்டு குண்டு பட்டாலே ஆள் காலி. எங்கிருந்து வந்தது என்றுகூடத் தெரியாது. இங்கே குறி தப்பாமல் சுடுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. பார்த்ததை ஒழுங்காகச் சொல்கிறவர்கள்தான் அபூர்வம்.

"அங்க இருக்கான், அங்க!" என்பதுதான் அடிக்கடி காதில் விழும் தவறு. எங்கே? கேட்பவர் வேறு திசையைப் பார்த்துப் படுத்திருக்கிறார். "இடது பக்கம்" என்றாலும் இதே கதைதான். யாருடைய இடது? திசைகாட்டி டிகிரிக் கணக்கில் இருக்கிறது, அதைப் படியுங்கள்: "220, சிவப்புக் கூரை வீடு, மாடி ஜன்னல், ரெண்டு பேர்." இதிலும் ஒரு சிக்கல் உண்டு. 220 என்பது நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து பார்த்த கோணம். பக்கத்தில் இருப்பவருக்குச் சரி. 200 மீட்டர் தள்ளி இருப்பவர் அதை நம்பினால் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். தூரத்தில் இருப்பவர்களுக்கு மேப்பில் மார்க்கர் போடுவதே நல்லது.

அடுத்தது, ஸ்குவாட் லீடரின், அதாவது குழுத் தலைவரின் காது. ஸ்குவாட் விளையாட்டில் பக்கத்தில் இருப்பவர்களின் பேச்சு, குழுவின் பேச்சு, மற்ற லீடர்களின் பேச்சு என்று மூன்றும் அவருக்கு ஒரே நேரத்தில் கேட்கும். அந்த நேரம் பார்த்து நேற்றைய மேட்ச் கதையை ஆரம்பித்தால், டாங்கி வருகிறது என்ற எச்சரிக்கை அதில் அடிபட்டுப் போகும். அரட்டை தப்பில்லை, சண்டை ஓயட்டும். பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் மட்டும் சொல்ல வேண்டியதை லோக்கல் வாய்ஸில் சொல்லுங்கள். மைக்கை எந்நேரமும் திறந்து வைத்து ஃபேன் சத்தத்தை ஒலிபரப்புகிறவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

குண்டு பட்டு விழுந்ததும் புலம்புவது இன்னொன்று. யார் எங்கிருந்து சுட்டார்கள் என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். அப்புறம், மெடிக்குக்காகக் காத்திருக்காமல் அவசரப்பட்டு 'கிவ் அப்' அழுத்தாதீர்கள். ஸ்குவாட்டில் அப்படிச் செய்தால் அணிக்கு ஒரு டிக்கெட் (அணியின் உயிர்க் கணக்கு) போகும். மெடிக் வந்து எழுப்பினால் போகாது. ஆனால் மெடிக் வரும் வழியில் எதிரி இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், பாவம்.

பேசாமலே இருப்பதும் தவறுதான். ஹெல் லெட் லூஸில் முழு அணியும் ஸ்பான் ஆகும், அதாவது செத்தபின் மறுபடி களத்தில் இறங்கும் இடமான கேரிசனை நம் பகுதியில் கட்ட 50 சப்ளை (கட்டுமானப் பொருள்) வேண்டும். சப்போர்ட் ரோல் எடுத்தவர் போடும் ஒரு பெட்டியில் அந்த 50-ம் இருக்கிறது. குழுவின் லீடரான ஆபீசர் "சப்ளை யாரிடம் இருக்கிறது?" என்று மூன்று தடவை கேட்பார். பெட்டியை வைத்திருப்பவர் பதில் சொல்லாமல் ஏதோ ஒரு வேலியோரம் தனியாகச் சுட்டுக்கொண்டிருப்பார். மைக் இல்லாவிட்டால் என்ன, சாட்டில் "என்னிடம் இருக்கு, வர்றேன்" என்று தட்டினால் போதுமே.